சொல்லுக்கு ஒன்றரை ரூபாய், மணிக்கு எவ்வளவு? ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சியைப் பற்றி

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்கு சில ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸராக வேலை செய்து வருகிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழ். மொபைல் ஆப், வங்கிப் படிவம், இணையக் கடைகளின் பொருள் விவரம், மருந்து ஆய்வுகளுக்கான ஒப்புதல் படிவம் என்று எல்லாம் வரும். இருப்பது திருச்சியில். வேலை முழுக்க வீட்டிலிருந்துதான்.

ஏஜென்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது ஒரு காரணம். இங்கே நான் எழுதும் விதிகள் ஏறக்குறைய அப்படியே வேறு பல ஏஜென்சிகளிலும் இருக்கின்றன என்பது இன்னொன்று. அதனால் எந்த ஏஜென்சியில் சேருவதற்கு முன்பும் இதைப் படித்துப் பார்க்கலாம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்ட பெண்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், முதுகலைத் தமிழ் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள். அவர்களுக்கு ரேட் கார்டில், அதாவது ஏஜென்சி தரும் கூலிப் பட்டியலில், ஓர் எண் மட்டும்தான் கண்ணில் படுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லத்தான் இந்த மதிப்புரை.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்று. பணத்தை ஏமாற்றுகிற இடம் இல்லை. ஆனால் உங்கள் நேரத்தை இலவசமாக எடுத்துக்கொள்கிற இடம்.

சேர்வது எளிது. முந்நூறு சொல் அளவில் ஒரு டெஸ்ட் தருவார்கள், அதற்குக் காசு கிடையாது. தேறினால், எங்களைப் போன்ற வெளியாட்களைச் சேர்க்கும் வெண்டார் மேனேஜரிடமிருந்து ரேட் கார்டு வரும். எனக்குச் சொல்லுக்கு 1.20 ரூபாய் என்று வந்தது. பேசி 1.50 ஆக்கினேன். பேச இடம் இருக்கிறது, ஆனால் சேரும்போது மட்டும்தான். அதற்கப்புறம் ஒரு பைசா ஏற்றுவதற்கும் வருடக்கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது. எனவே முதல் கடிதத்தில் வரும் ரேட்டுக்கு உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து கிரிட், அதாவது பழைய மொழிபெயர்ப்போடு ஒத்துப்போகும் அளவுக்கு ஏற்ப ரேட்டைக் குறைக்கும் அட்டவணை. இதுதான் புதியவர்களுக்குப் புரிய நாளாகிறது.

மெமோக்யூ, ட்ராடோஸ் போன்ற மென்பொருள்களில் பழைய மொழிபெயர்ப்புகள் சேமிப்பில் இருக்கும். புதிய ஃபைல் வந்ததும் அதன் ஒவ்வொரு வரியையும் பழையதோடு ஒப்பிட்டு, இது நூறு சதவீத மேட்ச், இது தொண்ணூறு, இது எழுபத்தைந்து என்று பிரித்துவிடும். முழுதாக ஒத்துப்போகாதவற்றை ஃபஸ்ஸி என்போம். மேட்ச் கூடக் கூட ரேட் குறையும். என் கிரிட்டில் புதிய சொல்லுக்கு முழு ரேட். 75 முதல் 94 சதவீதம் வரை ஒத்துப்போனால் ரேட்டில் 60 சதவீதம். 95க்கு மேல் 30 சதவீதம். நூறு சதவீத மேட்சுக்கும் ஃபைலுக்குள்ளேயே திரும்பி வரும் வரிகளுக்கும் 10 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4,000 சொல் உள்ள ஃபைல். அதில் 1,600 சொல் புதிது, 800 சொல் 75 முதல் 94 வரையிலான ஃபஸ்ஸி, 600 சொல் 95க்கு மேல், மிச்சம் ஆயிரம் முழு மேட்ச். கிரிட்டைப் போட்டால் இது 2,360 சொல்லாகச் சுருங்கிவிடும். 6,000 ரூபாய் என்று நினைத்த வேலைக்கு, ஏஜென்சி தரும் வேலை ஆணையான பி.ஓ.வில் 3,540 ரூபாய் இருக்கும்.

இந்த முறையே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே செய்த வரியை மறுபடி செய்வதற்கு முழுப் பணம் கேட்பதில் நியாயம் இல்லை. என் சண்டை அந்த 10 சதவீதத்தோடுதான். முழு மேட்சைத் தொட வேண்டாம் என்று பூட்டி வைத்துவிட்டால், பணம் தர வேண்டாம், நானும் பார்க்க மாட்டேன். ஆனால் இவர்கள் பூட்டுவதில்லை. “மேட்ச் வரிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், கடைசியில் ஃபைல் முழுவதற்கும் நீங்கள்தான் பொறுப்பு” என்று குறிப்பு வரும். பழைய சேமிப்பில் யாரோ தப்பாகச் செய்த வரி இருந்து, அது கிளையன்ட்டிடம் போய்விட்டால், பிழை என் கணக்கில் ஏறும். பதினைந்து பைசாவுக்கு ஒரு சொல்லுக்கான முழுப் பொறுப்பு. இதை எழுதிக் கேட்டேன். ஒன்று பூட்டுங்கள், இல்லையென்றால் சரிபார்ப்பு ரேட் கொடுங்கள் என்றேன். வேலையை ஒருங்கிணைக்கும் ப்ராஜெக்ட் மேனேஜர், எங்கள் பேச்சில் பி.எம்., நல்ல பெண். “மேடம், நீங்க சொல்றது சரிதான், ஆனா கிரிட் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றார். ஆறு மாதம் விடாமல் ஒவ்வொரு ஃபைலுக்கும் இதே வரியை மின்னஞ்சலில் எழுதியபின், என் ஃபைல்களில் மட்டும் முழு மேட்சைப் பூட்டித் தர ஆரம்பித்தார்கள். இந்த ஏஜென்சியைப் பற்றிய நல்ல விஷயங்களில் இதையும் சேர்க்கிறேன். கேட்டால் சில நேரம் நடக்கிறது.

சொல்லை எந்தப் பக்கம் எண்ணுவது என்பதிலும் ஒரு தகராறு வந்தது. ஆங்கிலப் பக்கம் எண்ண வேண்டும் என்பதுதான் என் ஒப்பந்தம். தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் இருந்தால் தமிழில் எழுநூறு, எழுநூற்றைம்பதுதான் வரும். என் ஃபைல்களில் பெரும்பாலும் இந்த அளவுதான். ஒரு புதிய பி.எம். வந்தபோது, ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் ஆங்கிலச் சொல்லை எண்ண முடியவில்லை என்று தமிழ்ப் பக்கத்தை எண்ணி பி.ஓ. போட்டுவிட்டார். கால்வாசிக்கு மேல் பணம் போயிருக்கும். ஒப்பந்தத்தின் அந்தப் பத்தியை எடுத்து ஒட்டி அனுப்பியதும் அன்று மாலையே திருத்தினார்கள். வாக்குவாதம் இல்லை. எழுத்தில் இருப்பதை இவர்கள் மதிக்கிறார்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதற்குத்தான் இங்கே மதிப்பில்லை.

இப்போது வரும் வேலையில் பாதிக்கு மேல் போஸ்ட் எடிட்டிங். மெஷின் மொழிபெயர்த்ததை நாம் திருத்த வேண்டும். ரேட் பாதி, அதாவது எனக்கு 75 பைசா. மெஷின் இருப்பதால் நாளுக்கு 5,000 சொல் செய்யலாம், அதனால் நாள் வருமானம் குறையாது என்பது அவர்கள் வாதம். ஓரளவு ஒழுங்கான ஃபைலில் இது உண்மைதான். 5,000 சொல்லுக்கு 3,750 ரூபாய், பரவாயில்லை. ஆனால் மெஷின் தமிழ் ஃபைலுக்கு ஃபைல் மாறும். ஒரு வரியில் ‘நீ’ என்றும் அடுத்த வரியில் ‘நீங்கள்’ என்றும் போடும், பொத்தானில் இருக்க வேண்டிய இரண்டு சொல்லுக்கு முழு வாக்கியம் எழுதும், எதிர்மறையை விட்டுவிடும். அப்படிப்பட்ட ஃபைலில் நாளுக்கு 2,500 சொல் முடிந்தாலே பெரிது. அப்போது அதே உழைப்புக்கு 1,875 ரூபாய்தான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வேலை முடிந்ததும் நாம் எவ்வளவு மாற்றினோம் என்று மென்பொருள் ஒரு அறிக்கை தரும். கம்மியாக மாற்றியிருந்தால், அடுத்த ஃபைலுக்கு ரேட்டைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். ஒரு வரியை மூன்று முறை படித்து, மூலத்தோடு ஒப்பிட்டு, சரியாக இருக்கிறது என்று முடிவு செய்து விட்டுவிட்டால் அந்த அறிக்கையில் அது பூஜ்யம். படித்த நேரம் எங்கேயும் பதிவாவதில்லை. மாற்றாமல் விடுவதும் வேலைதான் என்பதை ஏஜென்சிகள் ஒத்துக்கொள்ளும் வரை போஸ்ட் எடிட்டிங் ரேட் கீழேதான் போகும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. என் அளவில் நான் செய்வது, ஃபைலின் முதல் இருநூறு சொல்லைப் பார்த்துவிட்டு, மோசமாக இருந்தால் உடனே மாதிரியோடு எழுதி, முழு மொழிபெயர்ப்பு ரேட் கேட்பது. தொடங்கிய பிறகு கேட்டால் தருவதில்லை. தொடங்குமுன் கேட்டால் தந்திருக்கிறார்கள்.

சரி, மணிக்கணக்கு வேலைக்கு வருவோம். எனக்கும் ஏஜென்சிக்கும் பெரிய சண்டை நடந்தது இதில்தான்.

வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது மணிக்கு 350 ரூபாய். ஐ.எஸ்.ஓ. 17100 என்ற தர விதிப்படி வேலை செய்கிறோம் என்று சொல்லும் ஏஜென்சி, மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாம் ஆளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அந்த இரண்டாம் ஆள் நான். கேட்பதற்கு மணிக்கூலி மாதிரி இருக்கும். ஆனால் பி.ஓ.வில் எத்தனை மணி என்பதை நான் வேலை செய்த நேரம் தீர்மானிப்பதில்லை. மணிக்கு ஆயிரம் சொல் என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். 4,000 சொல் ஃபைல் வந்தால் நான்கு மணி, 1,400 ரூபாய். எட்டு மணி ஆனாலும் நான்குதான்.

அன்றைக்கு வந்தது ஒரு மருந்து ஆய்வின் ஒப்புதல் படிவம். 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வில் சேருகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒருவர் அதைப் படித்து, அல்லது படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார். அந்தப் படிவத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்க வேண்டிய மாத்திரை ‘தினமும்’ என்று ஆகியிருந்தது. பக்க விளைவுகள் பட்டியலில் ஒரு வரியே காணோம். மெஷினில் போட்டு அப்படியே அனுப்பியிருக்கிறார்கள் என்பது இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

பி.எம்.முக்கு எழுதினேன்: இது சரிபார்க்கிற நிலையில் இல்லை, மொழிபெயர்த்தவருக்கே திருப்பி அனுப்புங்கள். இந்த ஏஜென்சியின் சொந்தக் கையேட்டிலேயே, முதல் பக்கங்களில் பெரிய பிழைகள் இருந்தால் ஃபைலைத் திருப்பலாம் என்று இருக்கிறது. பதில் வந்தது. “மேடம், டைம் இல்லை. நாளைக்குக் காலையில டெலிவரி. நீங்களே பார்த்துக் கொடுத்துடுங்க ப்ளீஸ்.” கூடுதல் மணி தருவீர்களா என்று கேட்டேன். பேசிக்கொள்ளலாம் என்றார்.

ஏழரை மணி நேரம் ஆனது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. டாகிள் ட்ராக் என்ற ஆப்பில் ஒவ்வொரு வேலையையும் தொடங்கும்போது ஓடவிட்டு, எழுந்தால் நிறுத்துவேன். அதன் இலவசப் பதிப்பே நமக்குப் போதும். காபி, சமையல், காலிங் பெல் எல்லாம் கழித்துத்தான் ஏழரை மணி. பிழைப் பட்டியலையும் எக்ஸெலில் வரி எண்ணோடு போட்டு வைத்தேன்.

டைம்ஷீட்டில் ஏழரை என்று போட்டு அனுப்பினால், பி.ஓ. நான்கு மணிக்குத்தான் வந்தது. “கிளையன்ட் பட்ஜெட் அவ்வளவுதான் மேடம்.” எனக்குக் கோபம் வந்த வரி இதுதான். கிளையன்ட்டிடம் என்ன பட்ஜெட் பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மலிவாக ஓர் ஆளைப் பிடித்து மோசமான மொழிபெயர்ப்பை வாங்கியது ஏஜென்சி. அதைத் திருப்பி அனுப்பாதே என்று சொன்னதும் ஏஜென்சி. அந்த முடிவுகளின் செலவு ஏன் திருச்சியில் உட்கார்ந்திருக்கிற என் மூன்றரை மணி நேரமாக இருக்க வேண்டும்?

வெண்டார் மேனேஜருக்கு எழுதினேன். திட்டி எழுதவில்லை. நேரப் பதிவு, பிழைப் பட்டியல், ‘திருப்பி அனுப்புங்கள்’ என்று நான் எழுதிய மின்னஞ்சல், ‘பேசிக்கொள்ளலாம்’ என்று வந்த பதில், கையேட்டின் அந்தப் பக்கம் என்று ஐந்தையும் இணைத்து அனுப்பினேன். வாரக்கணக்கில் இழுத்து, கடைசியில் ஆறு மணிக்கு ஒப்புக்கொண்டார்கள். 2,100 ரூபாய். வர வேண்டியது 2,625. மிச்சம் 525 ரூபாய்க்காக மேலும் எழுதலாமா என்று யோசித்து நிறுத்திக்கொண்டேன். எழுதுகிற நேரத்துக்கும் யாரும் காசு தரப் போவதில்லை. இப்படித்தான் பல பேர் விட்டுவிடுகிறோம் என்பதும், அது ஏஜென்சிகளுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரிகிறது.

அதற்குப் பிறகு மணிக்கணக்கு வேலை எதுவானாலும் முதலிலேயே ஒரு வரி எழுதிவிடுகிறேன்: “பி.ஓ.வில் உள்ள மணி முடியும்போது நிறுத்திவிட்டு எவ்வளவு பாக்கி என்று சொல்வேன். தொடரச் சொன்னால் கூடுதல் மணிக்கான பி.ஓ. அனுப்புங்கள்.” மரியாதையான வரி, யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த வரிக்குப் பிறகு இந்த ஏஜென்சியோடு மணிக்கணக்கில் எனக்குத் தகராறு வரவில்லை.

காத்திருக்கும் நேரம் இன்னும் தீராத பிரச்சினை. கிளையன்ட்டுகளில் பல பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். “சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபைல் வரும், ரெடியா இருங்க, பத்து மணிக்கு டெலிவரி” என்பார்கள். ஃபைல் ஒன்பதரைக்கு வரும். டெலிவரி நேரம் ஒரு மணி நேரம்தான் தள்ளிப்போகும். ஆறிலிருந்து ஒன்பதரை வரை வேறு ஏஜென்சி வேலையை எடுக்க முடியாது, கோயிலுக்குப் போக முடியாது, பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு எதுவும் கிடையாது. ஞாயிறு, தீபாவளி, பொங்கல் என்று எந்த நாளுக்கும் கூடுதல் ரேட் இல்லை. நம் பக்கம் நேரம் தவறினால் மட்டும் கணக்கு உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றுவிட்ட ஒரு நாள், முன்கூட்டியே சொல்லியும், தாமதம் என்று பத்து சதவீதம் பிடித்தார்கள்.

அதே ஏஜென்சியின் சென்னை அலுவலகத்தில் சம்பளத்துக்கு இருக்கும் பி.எம்.முக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டம். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். அந்தப் பெண்ணும் இரவு பத்து மணிக்கு எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார், அவருக்கு அந்த இரட்டைச் சம்பளம் கிடைக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் காகிதத்திலாவது அவருக்கு ஒரு மணிக்கணக்கு உண்டு. எங்களுக்குக் காகிதத்திலும் இல்லை. நாங்கள் ஊழியர் அல்ல, சேவை தருகிற வெண்டார். பி.எஃப்., விடுப்பு, போனஸ், ஓவர்டைம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரம் ஃப்ரீலான்ஸர்களுக்கென்றே ஒரு சட்டத்தை 2017 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 800 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். பணம் தரும் தேதியை ஒப்பந்தத்தில் குறிப்பிடவில்லை என்றால், வேலை முடிந்த 30 நாளுக்குள் தந்தாக வேண்டும். என் ஃபைல்கள் பல அந்த ஊர்க் கம்பெனிகளுக்குத்தான் போகின்றன. ஆனால் அந்தச் சட்டம் என் மேசை வரை வருவதில்லை, நடுவில் ஏஜென்சி இருக்கிறது.

நமக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடவும் வேண்டாம். பணம் தாமதமாவதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது, ஃப்ரீலான்ஸர்கள் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை.

இந்த ஏஜென்சியின் விதி ‘மாதக் கடைசியிலிருந்து 60 நாள்’. ஏப்ரல் 2ஆம் தேதி முடித்த வேலைக்கு ஏப்ரல் 30ஆம் தேதி இன்வாய்ஸ், பணம் ஜூன் கடைசியில். ஏறக்குறைய மூன்று மாதம். வீட்டு வாடகையும் இன்டர்நெட் பில்லும் மூன்று மாதம் காத்திருக்காது.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006இன் 15ஆம் பிரிவு, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் 60 நாள் என்று எழுதியிருந்தாலும் 45தான் உச்சவரம்பு. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் 16ஆம் பிரிவின்படி, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. 2024இல் வங்கி விகிதம் 6.75 சதவீதம். அப்படியானால் வட்டி 20.25 சதவீதம்.

தனி ஆளாக வீட்டிலிருந்து வேலை செய்கிறவரும் குறு நிறுவனம்தான். உத்யம் என்ற அரசுப் பதிவுத் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொடுத்துச் சேவைப் பிரிவில் பதிய வேண்டும், அவ்வளவுதான். 2020 ஜூலை முதல் இந்த முறை இருக்கிறது. கட்டணம் கிடையாது. தேடினால் ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் தனியார் தளங்கள்தான் முதலில் வரும், அங்கே போகாமல் அரசுத் தளத்திலேயே பதியுங்கள். பதிவதற்கு முன் முடித்த வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பது நீதிமன்றம் வரை போன விவகாரம். அதனால் முதல் ஃபைலுக்கு முன்பே பதிந்துவிடுவது நல்லது.

என் உத்யம் எண்ணை இன்வாய்ஸில் போட்டு, 15ஆம் பிரிவைக் குறிப்பிட்டு அக்கவுன்ட்ஸுக்கு எழுதினேன். சண்டை வரும் என்று தயாராகத்தான் இருந்தேன். வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து எனக்கு 45 நாள் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் அவர்களுடைய ஆடிட்டர் என்று நினைக்கிறேன். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் புதிதாக ஓர் உட்பிரிவு சேர்த்து, 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதை இந்த 45 நாள் கெடுவுக்குள் தரவில்லை என்றால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது, எப்போது கொடுக்கிறார்களோ அந்த வருடத்தில்தான் காட்டலாம். ஃப்ரீலான்ஸரின் கஷ்டம் புரியாத அக்கவுன்ட்ஸுக்கும் இந்த மொழி புரிகிறது. மார்ச் மாதத்தில் எங்கள் பாக்கிகள் வேகமாகத் தீர்வதை இப்போது பார்க்கிறேன்.

அதற்கும் மசியாத இடம் என்றால், பணத் தாமதத்துக்கு மனு போட அரசுத் தளம் இருக்கிறது. உத்யம் எண், பி.ஓ., இன்வாய்ஸ் எல்லாம் ஏற்றி மனு போடலாம். அது இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க கவுன்சிலுக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் கவுன்சில் இருக்கிறது. தீர்ப்பை எதிர்த்து, சேவையை வாங்கினவர் கோர்ட்டுக்குப் போனால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். எனக்கு அங்கே போகிற தேவை வரவில்லை. கும்பகோணத்துத் தோழி ஒருவர் வேறொரு ஏஜென்சிக்கு, இந்தத் தேதிக்குள் தரவில்லை என்றால் கவுன்சிலுக்கு மனு போடுவேன் என்று எழுதினார். அந்த வாரமே பணம் வந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் தாமதத்துக்குத்தான் மருந்து, ரேட்டுக்கு இல்லை. ஏழரை மணி நேரத்தை நான்காக்கி பி.ஓ. போட்டுவிட்டால், அந்த நான்கு மணிக்கான பணம் 45 நாளில் சரியாக வந்துவிடும். அதனால்தான் பி.ஓ. வரும் நேரத்தில் கவனமாக இருக்கச் சொல்கிறேன்.

பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரியான டிடிஎஸ்ஸில் குறை இல்லை. பத்து சதவீதம் பிடிப்பார்கள், வருமான வரித் தளத்தில் பார்த்தால் கட்டியிருப்பார்கள். இதற்கு மேல் போனால்தான் பிடிக்க வேண்டும் என்று வருடத்துக்கு 30,000 ரூபாயாக இருந்த வரம்பை 2025 ஏப்ரலில் 50,000 ஆக்கியபோது அதையும் கேட்காமலே மாற்றினார்கள்.

நல்லதையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பி.ஓ. இல்லாமல் ஃபைல் அனுப்புவதில்லை. சேர்ந்த நாளிலிருந்து ஓர் இன்வாய்ஸ் கூடப் பணம் வராமல் போனதில்லை. மெமோக்யூ லைசென்ஸ் அவர்களே தருகிறார்கள், நாம் வாங்க வேண்டியதில்லை. பி.எம்.கள் மரியாதையாகப் பேசுவார்கள். கலைச்சொல் பட்டியல் ஒழுங்காக இருக்கும், சந்தேகம் கேட்டால் கிளையன்ட்டிடம் கேட்டுச் சொல்வார்கள். தகராறு செய்த பிறகு எனக்கு வேலை குறையவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. கேள்வி கேட்டவரை மெதுவாகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிற இடங்கள் உண்டு. அந்த பயத்திலேயே பல பேர் வாயைத் திறப்பதில்லை.

ஆனால் டெலிவரிக்குப் பிறகு வரும் கிளையன்ட் திருத்தங்களுக்குக் காசு கிடையாது என்பதைச் சேரும்போது யாரும் சொல்லவில்லை. என் பிழை என்றால் நானே இலவசமாகத் திருத்த வேண்டும், அது நியாயம். கிளையன்ட் மனம் மாறி ‘பயனர்’ வேண்டாம் ‘வாடிக்கையாளர்’ போடுங்கள் என்றால் அது புது வேலை. இரண்டையும் ஒரே ‘ஃபீட்பேக்’ என்று ஒரே மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். நான் பிரித்து, முதலாவதை முடித்துக் கொடுத்து, இரண்டாவதற்கு பி.ஓ. கேட்கிறேன். பாதி முறை வருகிறது.

யாருக்கு இந்த ஏஜென்சி சரிப்படும்? வேறு வருமானம் இருந்து, வாரத்துக்கு இரண்டு மூன்று ஃபைல் போதும் என்பவர்களுக்குத் தாராளமாகச் சரிப்படும். வேலை கற்றுக்கொள்ளவும் நல்ல இடம். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த வேண்டும் என்பவர்கள் சொல் ரேட்டைப் பார்க்காமல், மாதக் கடைசியில் மொத்தப் பணத்தை மொத்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். காத்திருந்த நேரம், சந்தேகம் கேட்டு எழுதிய நேரம், இன்வாய்ஸ் போட்ட நேரம் எல்லாவற்றையும் சேர்த்து வகுங்கள். எனக்கு நல்ல மாதத்தில் மணிக்கு 280 ரூபாய் வருகிறது, போஸ்ட் எடிட்டிங் அதிகமான மாதத்தில் 170க்கு இறங்கிவிடுகிறது. இரண்டு மாதத்திலும் ரேட் கார்டில் இருப்பது அதே ஒன்றரை ரூபாய்தான்.

சொல்லுக்கு 1.80, காத்திருக்கும் நேரத்துக்கு மணிக்கு 100 ரூபாய், ஞாயிறு வேலைக்கு ஒன்றரை மடங்கு என்று கேட்டு, இந்த நேரக் கணக்கையும் இணைத்து வெண்டார் மேனேஜருக்கு எழுதியிருக்கிறேன். மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது. முடிவு தெரிந்ததும் இதிலேயே சேர்க்கிறேன். காத்திருக்கும் நேரத்துக்கு ஒப்புக்கொண்டால் மூன்றை நான்காக மாற்றிவிடுவேன்.